முஸ்தபா எங்கள் வீட்டுக்கு வந்தாச்சு!

வீட்டிலேயே ஒரு ஆர்கேட் பெட்டி செய்ய வேண்டும் என்று உங்களுக்கும் ஆசை இருக்கிறதா? இருந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், முதலில் பிளைவுட் வாங்கப் போகாதீர்கள். ஜாய்ஸ்டிக் வாங்கப் போகாதீர்கள். கலர் கலராக எரியும் பட்டன்களைப் பார்த்து மயங்காதீர்கள். கம்ப்யூட்டர்கூட இரண்டாவதுதான். முதலில் திரை! திரை எதுவென்று முடிவானால் அதற்கேற்ற கம்ப்யூட்டர் தானாக முடிவாகும், பெட்டியின் ஆழமும் அகலமும் முடிவாகும், மிச்சமெல்லாம் கார்பென்டர் வேலை. அந்தத் திரை எதுவாக இருக்கவேண்டும் என்று என்னைக் கேட்டால் (கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்) பக்கத்துத் தெரு காயலான் கடையில் தூசி படிந்து கிடக்கிறதே, முதுகு புடைத்த பழைய 21 இஞ்ச் டியூப் டிவி, அதுதான்! அதேதான்!

நினைத்துப் பாருங்கள். ராத்திரி. ஹாலில் விளக்கை அணைத்தாயிற்று. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஒரே ஒரு சுவிட்சைத் தட்டுகிறீர்கள். உள்ளே டீகாஸிங் காயில் ‘டொம்ம்’ என்று ஒரு உறுமல் உறுமி அடங்குகிறது. கண்ணாடிக்கு அருகே கையைக் கொண்டுபோனால் முடியெல்லாம் சிலிர்த்து நிற்கிறது. சூடான தூசியின் வாசனை லேசாக வருகிறது, அந்த வாசனை இருக்கிறதே, சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை படத்துக்காக டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. பிறகு இருட்டுக்குள்ளிருந்து மெல்ல மெல்ல வெளிச்சம் ஊறி வருகிறது, கேப்காம் என்ற எழுத்து எழும்புகிறது, டைனோசார் கத்துகிறது, நானும் கத்துகிறேன்! ஒவ்வொரு தடவையும் கத்துகிறேன். வீட்டில் எல்லோரும் பழகிவிட்டார்கள்.

அந்த ஆட்டத்தின் பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. கேப்காம் 1993-இல் வெளியிட்டது, மார்க் ஷுல்ட்ஸின் ‘ஸீனோசோயிக் டேல்ஸ்’ காமிக்ஸைத் தழுவியது. இதெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்ட விவரம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம்ஸ் கடையில், வியர்வையும் சுருட்டுப் புகையும் கலந்த அந்த நீளமான அறையில், ஒரு ரூபாய்க் காசை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற எங்களுக்கு அது வெறும் ‘முஸ்தபா’ கேம். நம் ஊரில் மட்டுமில்லை, இந்தியாவில் எத்தனையோ ஊர்களில் அதற்கு அதுதான் பெயர். ஜாக், ஹானா, முஸ்தபா, மெஸ் என்று நாலு பேர். ஒரே நேரத்தில் மூன்று பேர் ஆடலாம். நாலில் வேகமானவன் முஸ்தபா. அவன் ஓடிவந்து எகிறி ஒரு உதை விடுவான் பாருங்கள், எதிரிகள் வரிசையாகப் பறப்பார்கள், சுற்றி நிற்கும் பையன்கள் எல்லோரும் சேர்ந்து ‘ஓ’ என்று கத்துவார்கள். மூன்றாவது கட்டத்தில் காடிலாக் காரையே கையில் கொடுத்துவிடுவார்கள், அடித்து நொறுக்கிக்கொண்டே போகலாம். அந்த நிறங்கள்! அந்த ஆரஞ்சும் அந்த ஊதாவும்! பல வருடங்கள் கழித்து லேப்டாப்பில் அதே ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தபோது எல்லாம் இருந்தது, அந்த நிறம் மட்டும் இல்லை. முகங்கள் கட்டம் கட்டமாக, ஓரங்கள் ரம்பப் பல்லாகத் தெரிந்தன. ஆட்டத்தில் கோளாறு இல்லை, கம்ப்யூட்டரிலும் கோளாறு இல்லை. திரைதான் அந்தத் திரை இல்லை.

ஏனென்றால் அந்தக் காலத்து ஆர்கேட் போர்டுகள் இந்த டியூபுக்காகவே பிறந்தவை. டியூபுக்குள் எலெக்ட்ரான் கற்றை விநாடிக்குச் சுமார் 15,700 கோடுகள் இழுக்கிறது, ‘15 கிலோஹெர்ட்ஸ்’ என்று இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் செல்லமாகச் சொல்வது இதைத்தான். விநாடிக்கு ஏறக்குறைய 60 தடவை மேலிருந்து கீழே ஓடுகிறது, ஒவ்வொரு ஓட்டத்திலும் கண்ணுக்குத் தெரிவது சுமார் 240 கோடு. சாதாரண டிவி நிகழ்ச்சி ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாற்றி மாற்றி நிரப்பும். ஆர்கேட் போர்டோ வரைந்த கோட்டின் மேலேயே திரும்பத் திரும்ப வரையும். அதனால் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளி நிற்கும், அந்த இடைவெளிக்குள் பாஸ்பர் ஒளி லேசாகக் கசியும், கட்டம் கட்டமாக இருக்கவேண்டிய முகம் அந்தக் கசிவில் வளைவும் நிழலும் பெற்று உயிரோடு திரும்பிப் பார்க்கும்! ஆட்டத்துக்குப் படம் வரைந்தவர்கள் இந்தக் கசிவை வைத்துக்கொண்டுதான் வரைந்தார்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும். கேப்காமின் சிபிஎஸ் போர்டு ஒரு கோட்டில் 384 புள்ளி வைக்கும், நியோ ஜியோ 320 வைக்கும், இரண்டுமே அதே 4:3 கண்ணாடியில் விளிம்பிலிருந்து விளிம்புவரை உட்காரவேண்டும். டியூபுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, குறுக்கே அதற்குப் புள்ளிக்கணக்கு கிடையாது, கற்றை நகர நகர என்ன மின்னழுத்தம் வருகிறதோ அதை வரைந்துவிட்டுப் போகும். எல்சிடியில் அதே 384-ஐ 4:3-க்குள் அடைக்கும்போது ஒரு புள்ளி தடிமனாகவும் பக்கத்துப் புள்ளி ஒல்லியாகவும் விழும், முஸ்தபா நடக்கும்போது அவன் உடம்பே நெளியும்.

வேகம் இன்னொரு பேரின்பம். டியூப் எதையும் சேமித்து வைத்து யோசிப்பதில்லை. வந்த சிக்னல் வந்த கணமே ஒளியாகிவிடுகிறது. புள்ளி ஒன்று மின்னிவிட்டு உடனே மங்கிவிடுவதால் வேகமாக ஓடும் உருவத்துக்குப் பின்னால் கறையே இருக்காது, திரை முழுக்க நகர்ந்தாலும் ஒவ்வொரு செங்கல்லும் கூர்மையாகத் தெரியும். எல்சிடி ஹால் டிவி ஒன்றில் படத்தை மெருகேற்றும் வேலையெல்லாம் முடிந்து காட்சி வருவதற்குள் அடி விழுந்துவிடும். இதில் பட்டனை அமுக்கினால் உதை. அமுக்கினால் உதை! நடுவில் ஒன்றுமே இல்லை!

சரி, இந்த டிவிக்கு எங்கே போவது? இங்கேதான் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அடித்திருக்கிறது யோகம். 2006-இல் தொடங்கிய இலவசக் கலர் டிவித் திட்டத்தில் 14 இஞ்ச் டியூப் டிவிகள் ஒரு கோடிக்கும் மேல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. உலகம் முழுக்க ரசிகர்கள் 15 கிலோஹெர்ட்ஸ் திரைக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள், நம் ஊர்ப் பரண்களிலும் மாட்டுக் கொட்டகை ஓரங்களிலும் அது துணி போர்த்தித் தூங்குகிறது! மேசைமேல் வைக்கும் சின்னப் பெட்டிக்கு அந்த 14 இஞ்சே அமிர்தம். பின்னால் மஞ்சள் நிற ஏவி பின் இருந்தால், ஒரு ராஸ்பெர்ரி பை 3 அல்லது 4-இன் 3.5 மில்லிமீட்டர் துளையிலிருந்து நேராக வயரை இழுத்துவிடலாம். அமைப்புக் கோப்பில் ஒன்றிரண்டு வரிகளை மாற்றினால் கோடு மாறி மாறி வராத 240 கோட்டுப் படமே வரும். ஒரு மாலைப்பொழுது போதும். 2023-இல் வந்த பை 5-இல் அந்தத் துளை இல்லை, அதனால் வாங்கும்போது பழைய பையையே கேட்டு வாங்குங்கள்.

நான் 21 இஞ்ச் தேடினேன். நின்றுகொண்டு ஆடும் பெட்டி அல்லவா, மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும் அல்லவா! காயலான் கடைக்காரர் ஒரு மூலையைக் காட்டினார், அங்கே சைக்கிள் ரிம்முக்கும் வாஷிங் மெஷின் டிரம்முக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. அங்கேயே பிளக்கைச் செருகிப் போட்டுப் பார்த்தேன். வாங்கும்போது பார்க்கவேண்டியது இதுதான்: வெள்ளைத் திரை வந்தால் அது மஞ்சளடிக்காமல் வெள்ளையாக இருக்கிறதா, மூலைகளில் கலர்த் திட்டு நிற்கிறதா, எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிரிந்து தெரிகிறதா, போட்டவுடன் படம் வர நேரம் எடுக்கிறதா. ரொம்ப நேரம் எடுத்து மங்கலாக வந்தால் டியூப் களைத்துவிட்டது என்று அர்த்தம். இது உடனே வந்தது, பளிச்சென்று வந்தது, சிக்னலே இல்லாத அந்த நீலத் திரையைப் பார்த்தே எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

நேராக டிவி மெக்கானிக் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஏவி வயரில் மூன்று நிறமும் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து வரும், டிவி உள்ளே அதை மறுபடி பிரிக்கும். சாம்பாரையும் ரசத்தையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டு அப்புறம் பிரிக்கப் பார்க்கிற மாதிரி வேலை அது. எனக்குச் சிவப்பு தனியாக, பச்சை தனியாக, நீலம் தனியாக டியூபுக்குப் போகவேண்டும்.

“அண்ணே, இதுல ஆர்ஜிபி ஏத்தணும்.”

“எதுக்கு தம்பி, அதான் ஏவி இருக்கே?”

“ஏவி பத்தாதுண்ணே. வால்யூம் கூட்டினா திரையில பச்சையா ஒரு பட்டை வருதுல்ல, அதைப் பாருங்க, எவ்ளோ சுத்தமா, கத்தி மாதிரி நிக்குது! அந்தப் பட்டை எந்த வழியா வருதோ அந்த வழியா என் படம் வரணும்.”

அண்ணன் ரிமோட்டை எடுத்து வால்யூமைக் கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. “அட ஆமால்ல! மைக்ரோ ஐசி-லேருந்து ஜங்கிளுக்கு நேரா ஆர்ஜிபி-தான போகுது! இத்தனை வருஷம் செட்டு பாக்குறேன், இப்படி யாரும் கேட்டதே இல்ல தம்பி!” அதற்கப்புறம் என்னைவிட அவருக்குத்தான் ஆர்வம். சர்க்யூட் படத்தை விரித்து வைத்துக்கொண்டார். வால்யூம் பட்டையும் சேனல் எண்ணும் போகிற மூன்று தடங்களைக் கண்டுபிடித்து, அங்கே நம் வயரைச் சேர்த்து, 75 ஓம் மின்தடைகளை வைத்து, இப்போது வெளிப்படத்தைக் காட்டு என்று ஜங்கிள் ஐசிக்கு (டிவியின் படச் சிக்னலைக் கையாளும் சிப் அது) சொல்லும் பிளாங்கிங் கம்பிக்கு ஒரு சின்ன மின்னழுத்தம் கொடுத்து, சிங்க் சிக்னலை மஞ்சள் ஏவி பின் வழியாகவே உள்ளே விட்டு, ஈயம் வைத்து முடித்தார். இதை நீங்களாக வீட்டில் செய்து பார்க்காதீர்கள். டியூபின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் மிச்சம் தங்கியிருக்கும். பழகிய கைதான் அந்தப் பின்மூடியைத் திறக்கவேண்டும். எல்லா செட்டிலும் இது நடக்காது, அதையும் பார்த்துச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

பிறகு அந்தக் கணம் வந்தது. என்னால் அதை நிதானமாகச் சொல்ல முடியாது, முயற்சிகூடச் செய்யப்போவதில்லை. சோதனைக்கு இரவல் வாங்கிப் போயிருந்த கம்ப்யூட்டரின் வயரைச் செருகினார் அண்ணன், திரை ஒரு தடவை குலுங்கியது, படம் நின்றது, நின்றது என்றால் அச்சடித்த மாதிரி நின்றது, சிவப்பு என்றால் சிவப்பு, குங்குமச் சிவப்பு, கொஞ்சம்கூடப் பக்கத்தில் வழியாத சிவப்பு, அதன் பக்கத்திலேயே நீலம், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு முடியளவு கறுப்பு, முஸ்தபாவின் தொப்பியின் ஓரம் தெரிகிறது, பின்னால் நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எரிகின்றன, கண்ணாடியின் வளைவில் படம் லேசாகப் புடைத்துக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது, அண்ணன் “அடேங்கப்பா” என்கிறார், கடைக்கு மிக்ஸி ரிப்பேருக்கு வந்த அம்மா ஒருவர் “என்னப்பா இது, புது டிவியா?” என்று கேட்கிறார், நான் பதில் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை, அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண்ணில் தண்ணீர், வெட்கமே படவில்லை! பஸ் ஸ்டாண்ட் கடையில் பார்த்தது இதுதான், இதேதான், ஒரு துளி குறையாமல் இதேதான்! உண்மையைச் சொன்னால் இதைவிட நன்றாக அங்கேகூட இருந்திருக்காது, அங்கே இருந்த டியூபில் டைட்டில் எழுத்துகள் எரிந்துபோய் நிரந்தரமாகப் பதிந்திருந்தன!

திரை முடிவாகிவிட்டதா? இப்போது கம்ப்யூட்டர். சென்னை ரிச்சி தெருவுக்கு வாருங்கள் என்னோடு. அண்ணா சாலையிலிருந்து திரும்பினதும் காதில் விழும் அந்தக் கூச்சல், டெம்போவில் அடுக்கிய மானிட்டர் பெட்டிகள், ஸ்பீக்கர் கடைக்காரர் டெஸ்டுக்காகப் போடும் பாட்டு, சூடான டீ. அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துவிட்ட டெஸ்க்டாப்கள் அங்கே சுவர் மாதிரி அடுக்கியிருக்கும், ஆப்டிபிளக்ஸ், எலைட்டெஸ்க் என்று. நான்காம் தலைமுறை ஐ5 ஒன்று நமக்கு எதேஷ்டம். எதற்கு என்று கேளுங்கள்: முஸ்தபா ஓடிய அசல் போர்டில் இருந்தது ஒரு மோட்டோரோலா 68000 சிப், வேகம் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இரண்டு இலக்கம்தான்! 1980-இன் பாக்-மேனில் இருந்த இசட்80-க்கு 3 மெகாஹெர்ட்ஸ்தான்! இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா 1997-இல் தொடங்கிய ‘மேம்’ மென்பொருள் அந்தச் சிப்புகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் நடித்துக் காட்டுகிறது. பல கோர்களைவிட ஒற்றைக் கோரின் வேகத்தைத்தான் அது பெரும்பாலும் நம்பியிருக்கிறது. அதனால் கோர் எண்ணிக்கைக்குக் காசைக் கொட்டாதீர்கள், கிகாஹெர்ட்ஸைப் பாருங்கள்.

ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. உள்ளங்கை அளவு மினி பிசி வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு செருக இடம் உள்ள பெட்டிதான் வேண்டும். காரணம், நமக்குத் தேவை ஒரு பழைய ரேடியான் கார்டு. நான் வாங்கியது எச்டி 5450. கேம் ஆடுகிறவர்கள் யாரும் சீந்தாத சின்னக் கார்டு, ஃபேன்கூட இல்லாதது, பின்னால் ஒரு விஜிஏ துளை. கடைக்காரர் “இதை வச்சு என்ன சார் ஆடப்போறீங்க?” என்று பரிதாபமாகக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். ‘சிஆர்டி எமுடிரைவர்’ என்று ரசிகர்கள் செய்த ஒரு டிரைவர் இருக்கிறது, அதைப் போட்டால் இந்த ஏழைக் கார்டு 15 கிலோஹெர்ட்ஸ் பேச ஆரம்பிக்கும்! விலையுயர்ந்த புதுக் கார்டு எதனாலும் நேரடியாக முடியாத காரியம். புதிய கார்டுகளில் அனலாக் வழியே இல்லை. அதோடு ‘குரூவிமேம்’ என்ற மேம் வடிவத்தைச் சேர்த்தால், நீங்கள் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்த நொடியில் அந்த ஆட்டத்துக்கென்றே ஒரு திரை அளவையும் துடிப்பையும் அதுவே கணக்குப் போட்டுப் புதிதாக உருவாக்கி டியூபுக்கு அனுப்பும். மெட்டல் ஸ்லக் என்றால் விநாடிக்கு 59.19 தடவை. பாக்-மேன் என்றால் 60.61. ஆர்-டைப் 55. மார்ட்டல் காம்பாட் 54.7! எல்லாம் 60 என்று நினைத்துக்கொண்டிருந்தேன் நான். சாதாரண 60 மானிட்டரில் ஆர்-டைப் போட்டால் அந்த நட்சத்திரங்கள் சற்றைக்கொரு முறை திக்கித் திக்கி நகரும். டியூபில் 55-ஐ 55-ஆகவே கொடுக்கும்போது எண்ணெயில் வழுக்குகிறது ஐயா, விண்வெளியே வழுக்கிக்கொண்டு போகிறது! விண்டோஸ் பிடிக்காதவர்களுக்கு குரூவி ஆர்கேட் என்று ஒரு லினக்ஸ் உண்டு, அது பூட் ஆகும்போதே 15 கிலோஹெர்ட்ஸில் எழும். விண்டோஸ் என்றால் கம்ப்யூட்டர் எழுந்து டிரைவர் வேலைசெய்யும் வரைக்கும் 31 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் டியூபுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாவம் அதற்கு அது ஆகாது. டிவிக்குத் தனியாக ஒரு தாமத ரிலே வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

அப்படியானால் ஐ5 எதற்கு, இன்னும் மட்டமான சிப் போதாதா என்று கேட்பீர்கள். போதும், ஆட்டம் ஓடும். ஆனால் கேளுங்கள், இதைத் தெரிந்துகொண்டபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி விநாடி. சுமாரான சிப் அந்த நேரம் முழுவதையும் அடுத்த படத்தைத் தயார் செய்யவே செலவழிக்கும், அதனால் உங்கள் பட்டனை ஃபிரேமின் ஆரம்பத்திலேயே ஒரு தடவை பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விடும். வேகமான சிப் இரண்டு மூன்று மில்லி விநாடியில் வேலையை முடித்துவிடும் என்பதால், குரூவிமேம் அதைக் கடைசி நிமிடம்வரை சும்மா காத்திருக்க வைக்கும், ‘ஃபிரேம் டிலே’ என்று அமைப்பில் ஒரு எண், அதைக் கூட்டக் கூட்ட உங்கள் விரல் அசைவதை அது அவ்வளவு தாமதமாக, அவ்வளவு புதிதாகப் பார்க்கும். வேகம் எதற்கு? காத்திருப்பதற்கு! கம்ப்யூட்டர் காத்திருக்கிறது, டியூப் காத்திருப்பதே இல்லை, இரண்டும் சேர்ந்தால் உங்கள் கட்டைவிரலுக்கும் முஸ்தபாவின் காலுக்கும் நடுவில் தூரமே கிடையாது.

மற்றதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்டி போடுங்கள், பெட்டியைக் குத்திக் குலுக்கி ஆடுவோம், ஹார்டு டிஸ்க் தாங்காது. பயாஸில் மின்சாரம் வந்ததும் தானாக ஆன் ஆகும் அமைப்பு இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அது இருந்தால்தான் ஒற்றை சுவிட்ச் மந்திரம் நடக்கும். 8 ஜிபி ராம் தாராளம். டிவியின் சர்வீஸ் மெனுவுக்குள் போகும் ரிமோட் வித்தையை மெக்கானிக்கிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், படத்தின் உயரமும் அகலமும் அங்கேதான் சரிசெய்யவேண்டும், இல்லாவிட்டால் ஸ்கோர் எழுத்து விளிம்புக்கு வெளியே போய்விடும்.

காசு தாராளமாகப் புழங்குகிறவர்களுக்கு மிஸ்டர் எஃப்பிஜிஏ என்று ஒன்று இருக்கிறது. டெராசிக் நிறுவனத்தின் டிஇ10-நானோ போர்டில் இருக்கும் சைக்ளோன் 5 சிப் பழைய போர்டின் மின்சுற்றாகவே தன்னை மாற்றிக்கொள்ளும். அனலாக் துணைப்போர்டு ஒன்றைச் சேர்த்தால் 15 கிலோஹெர்ட்ஸும் நேராகவே கொடுக்கும். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் ஆடிப்பார்த்தேன், போட்ட மாத்திரத்தில் எழுந்துவிடுகிறது, அற்புதம். என் ஐ5 பெட்டியை அதற்காக மாற்றுவேனா? மாட்டேன். மேமில் இருக்கும் ஆயிரமாயிரம் ஆட்டங்களின் கடல் அதில் கிடையாது.

டியூப் டிவிக்கு வீட்டில் இடமே இல்லை, தூக்கவும் ஆளில்லை என்கிறவர்கள் மனம் தளரவேண்டாம், எல்சிடியிலும் நல்ல வழி உண்டு. கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்: 240-ஐ முழு எண்ணால் பெருக்கி வரும் உயரம் உள்ள மானிட்டரை வாங்குங்கள். ஐந்தால் பெருக்கினால் 1200, பழைய 20 இஞ்ச் 1600×1200 ஆபீஸ் மானிட்டர் ரிச்சி தெருவில் கிடைத்தால் விடாதீர்கள், அது சுத்த 4:3, பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்தது. ஆறால் 1440. ஒன்பதால் 2160, அதாவது 4கே, அதில் டியூபின் கோட்டையும் கசிவையும் வரைந்துகாட்டும் ஷேடர் போட்டால் ஒரு கோட்டுக்கு ஒன்பது வரி கிடைக்கிறது, அசத்துகிறது, ஆனால் அதற்குக் கொஞ்சம் தெம்பான கிராபிக்ஸ் கார்டு வேண்டும். 1080 மட்டும் நாலரை மடங்கில் நின்று இடிக்கிறது. ஃப்ரீசிங்க் உள்ள மானிட்டரா என்று பாருங்கள். 48-லிருந்து 75 வரை துடிப்பை மாற்றக்கூடிய மலிவு மானிட்டரே போதும், மார்ட்டல் காம்பாட்டின் 54.7-உம் பாக்-மேனின் 60.61-உம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பேனல் கட்டாயம் ஐபிஎஸ். டிஎன் பேனலைக் கீழிருந்து பார்த்தால் நிறம் செத்துப்போகும் இல்லையா, அதையே செங்குத்து ஆட்டங்களுக்காகத் திருப்பி மாட்டினால் அந்தக் கீழ்ப்பக்கம் ஒரு பக்கவாட்டாகிவிடும், அந்தப் பக்கம் நிற்கும் நண்பனுக்கு ஆட்டமே இருண்டு தெரியும்.

என் டியூப் கனம்தான், அறையை லேசாகச் சூடாக்கவும் செய்யும். போகட்டும்! முதல் முறை எல்லோரும் கூடிய அன்று பார்த்திருக்கவேண்டும் நீங்கள். பஸ் ஸ்டாண்ட் கடையில் எனக்குக் காசு கடன் கொடுத்த அதே நண்பன் வந்தான், இப்போது தலையில் பாதி முடி இல்லை, ஒன்றும் பேசவில்லை, நேராகப் போய் நடு ஸ்டிக்கைப் பிடித்தான், “மச்சான் முஸ்தபா எனக்கு” என்றான், “போடா, என் வீட்டுல நான்தான்டா முஸ்தபா” என்று நான் கத்த, இன்னொருத்தன் ஹானாவை எடுத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு முன்னால் ஓடிப்போய் எல்லா உணவையும் எடுத்துத் தின்ன, “அடேய் எனக்கு லைஃபே இல்லைடா” என்று இவன் அலற, காடிலாக் வந்தபோது மூன்று பேரும் சேர்ந்து கத்தின கத்தலில் கீழ்வீட்டு மாமா மேலே வந்துவிட்டார், வந்தவர் திட்டவில்லை, வாசலிலேயே நின்று பார்த்தார், திரையைப் பார்த்தார், “இது பழைய டிவிதானே, எப்படிப்பா இவ்வளவு பளிச்சுன்னு?” என்றார், எனக்கு அது போதும், ஆர்ஜிபி, ஜங்கிள் ஐசி, 15 கிலோஹெர்ட்ஸ் என்று ஆரம்பித்துவிட்டேன், மாமா சேர் போட்டு உட்கார்ந்துவிட்டார்!

அடுத்தது செங்குத்துப் பெட்டி. கேலகா, பாக்-மேன், 1942 எல்லாம் டியூபை 90 டிகிரி திருப்பி நிற்க வைத்து ஆடிய ஆட்டங்கள். படுத்த டியூபில் கேலகாவின் 288 புள்ளி உயரம் 240 கோட்டுக்குள் அடங்காது, திருப்பி நிறுத்தினால் அதே படம் 224 கோடாக, அசலாக உட்கார்ந்துவிடும். திருப்பியதும் பூமியின் காந்தம் நிறத்தில் விளையாடும், டீகாஸ் செய்துகொண்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக் அண்ணன். நேற்று அவரே போன் செய்தார். “தம்பி, 21 இஞ்ச் ஒண்ணு வந்திருக்கு, ஒரு பாட்டி வீட்டுல பூட்டி வச்சிருந்தது, டியூப் புதுசா இருக்கு, வேணுமா?” கேள்வியா இது! சனிக்கிழமை காலை ஆட்டோ சொல்லியாயிற்று, வழியில் இடிபடாமல் வைக்க இரண்டு பழைய தலையணையும் எடுத்து வைத்தாயிற்று.